போக்கரில் தொடர் தோல்வியும் மீளும் ஒழுங்கும்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசியில் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடிப் பழகி, வாரக்கணக்கில் தோற்று, இதிலிருந்து எப்படி மீள்வது என்று கேட்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதி நண்பர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். போக்கரின் நிகழ்தகவுக் கணக்கு நான் நெடுங்காலமாகப் படித்துவரும் பாடம். அதனால் இங்கே சீட்டுக் கணக்கும் வரும், வீட்டுக் கணக்கும் வரும். இணையத்தில் பணம் வைத்து ஆடுவது இந்தியாவில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குத் தனிக் கேள்வி உண்டு. அதைத் தாண்டிச் சென்றுவிடாமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று மாதமாகத் தொடர்ந்து தோற்கிறேன். இது சீட்டு வராத காலமா, என் ஆட்டமே தவறா?

இரண்டுமே இருக்கலாம். பிரித்துச் சொல்ல வேண்டுமானால், எத்தனை கை ஆடினீர்கள் என்ற எண்ணிக்கை முதலில் வேண்டும். ஒரு முறை சீட்டுப் போட்டு முடியும் ஆட்டத்தைத்தான் கை என்கிறோம். பிக் பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயத் தொகை; வரவையும் நட்டத்தையும் அதைக் கொண்டே அளப்போம். பந்தயத் தொகைக்கு வரம்பு இல்லாத, ஆறு பேர் அமரும் நோ-லிமிட் மேசையில் 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் வீதம் நீண்ட கால லாபம் பார்க்கிறவர் நல்ல திறமைசாலி. அதே மேசையில் ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது திட்ட விலக்கம், 100 கைக்கு ஏறக்குறைய 90 பிக் பிளைண்ட் இருக்கும். இந்த இரண்டு எண்களையும் வைத்துக் கணக்கிட்டால், அத்தகைய திறமைசாலிகூட 10,000 கை ஆடி முடித்த பிறகு நட்டத்தில் நிற்பதற்கான வாய்ப்பு சுமார் 29 விழுக்காடு. 50,000 கைக்குப் பிறகு அது 11 விழுக்காடாகக் குறைகிறது. 1,00,000 கைக்குப் பிறகும் 4 விழுக்காடு மிஞ்சுகிறது. இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு 60 முதல் 80 கை வரை ஓடும். ஆகவே 10,000 கை என்பது 125 மணி நேரத்துக்கும் மேல். வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு மூன்று மாதத் தோல்வி என்பது, கணக்கின்படி, எதையும் உறுதியாகச் சொல்லாத ஒரு சிறு மாதிரிதான்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் பலருடைய முகம் தெளிந்துவிடுகிறது. எனக்கோ அங்கேதான் கவலை தொடங்குகிறது. மேலே சொன்னது திறமைசாலியின் கணக்கு. மேசையில் இருக்கும் ஆறு பேரின் வரவையும் நட்டத்தையும் கூட்டினால், நடத்துகிறவர் எடுக்கும் ரேக், அதாவது ஆட்டக் கட்டணம், கழிந்திருப்பதால், கூட்டுத் தொகை எப்போதும் நட்டமாகவே வரும். சராசரித் திறமை உள்ளவருக்கு நீண்ட காலத்தில் தோல்விதான் இயல்பு. ஆகவே ஐயம் வரும் இடத்தில் குறை நம் ஆட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. சீட்டு வரும் வரிசையை யாராலும் திருத்த முடியாது. நம் ஆட்டத்தை நாம் திருத்தலாம்.

கையில் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு தோற்றால் எப்படித்தான் பொறுத்துக்கொள்வது?

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். உங்களிடம் இஸ்பேடு ஏஸும் கிளாவர் ஏஸும் இருக்கின்றன. எதிராளியிடம் இரண்டு ஆட்டின் சீட்டுகள். மேசையில் டர்ன் எனும் நான்காவது சீட்டு வரை விழுந்த நான்கு சீட்டுகளில் இரண்டு ஆட்டின். இன்னும் ஓர் ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனமாகி உங்கள் ஏஸ் ஜோடியை வென்றுவிடும். நடுவில் பந்தயமாக 1,000 சில்லு சேர்ந்திருக்கிறது. நீங்கள் இன்னொரு 1,000 வைக்கிறீர்கள். எதிராளி 1,000 கொடுத்து 3,000 சில்லுக்குப் போட்டியிட வேண்டும் என்பதால், அவர் மூன்றில் ஒரு முறையாவது வென்றால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். அவர் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் அவருக்குத் தேவையான ஆட்டின் 9. அதாவது வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆனாலும் அவர் பணத்தைப் போடுகிறார். ரிவர் எனும் கடைசிச் சீட்டாக ஆட்டின் விழுகிறது. சில்லு முழுவதும் அவர் பக்கம் போகிறது.

இந்தக் கையில் தவறு செய்தவர் அவர். இதே நிலையில் இதே முடிவை அவர் திரும்பத் திரும்ப எடுத்தால், ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக 400 சில்லு அவர் கையை விட்டுப் போகும். நீங்கள் சரியாக ஆடித் தோற்றீர்கள். பட்டம் பார்த்து நட்டு, களை எடுத்து, பதமாக வேகவைத்துக் கொண்டுவந்த மஞ்சளுக்கு ஈரோட்டு ஏலத்தில் அன்றைக்கு விலை படுத்துவிட்டால், வெள்ளாமையில் குறை என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும், ஃப்ளாப் எனும் முதல் மூன்று சீட்டு மேசையில் விழும் முன்னரே, முழுச் சில்லோடு மோதினால்கூட ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை ராஜாவே வெல்லும். 221 கைக்கு ஒரு முறை மட்டும் கிடைக்கும் ஏஸ் ஜோடி என்பதால் அந்தத் தோல்வி மனதில் ஆழப் பதிகிறது. எதிராளிக்கு எதிராக நமக்கு அதிர்ஷ்டம் அடித்த கைகள் அப்படிப் பதிவதில்லை. உங்களுடைய கடைசி 50 பெரிய கைகளை எழுதிவைத்துப் பார்த்தால் இது தெரியும்.

இத்தனை முறை தோற்ற பிறகு அடுத்து ஒரு நல்ல கை வந்துதானே ஆக வேண்டும்?

இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தில் கருப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். சக்கரத்துக்கும் சீட்டுக்கட்டுக்கும் முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை.

நான் நிதானமாக ஆடுகிறேன் என்றுதான் நினைக்கிறேன். நிதானம் தவறியது எப்படித் தெரியும்?

நிதானம் தவறியவருக்கு அது கடைசியில்தான் தெரியும். ஆகவே உணர்வை நம்பாமல் எண்களைப் பார்க்க வேண்டும். நிதானம் தவறுவதைப் போக்கர்காரர்கள் டில்ட் என்பார்கள். திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர், பணம் வைத்து ஆட இடம் இருந்த காலத்து வங்கிக் கணக்குத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். அதில் ஒரு சனிக்கிழமை இப்படி இருந்தது. மாலை வாரச் சம்பளம் ஏறியிருக்கிறது. இரவு 9.12க்கு ரூ.500, 10.05க்கு ரூ.500, 10.50க்கு ரூ.1,000, 11.20க்கு ரூ.1,000, 11.31க்கு ரூ.2,000, 11.38க்கு ரூ.2,000, 11.44க்கு ரூ.3,000 என்று பணம் ஆட்டக் கணக்குக்குப் போயிருக்கிறது. அந்தக் கடைசி 3,000 சம்பளப் பணம்கூட இல்லை, 11.42க்கு ஒரு கடன் செயலியிலிருந்து வந்தது. முதல் 3,000 ரூபாய் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்த 7,000 ரூபாய் 13 நிமிடத்துக்குள் போனது. தொகை கூடக்கூட இடைவெளி சுருங்குகிறது. இதற்கு மேல் சான்று தேவையில்லை. "விட்டதப் புடிச்சுப் போட்டு எந்திரிச்சுக்கலாம்னுதானுங்க இருந்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியிருக்கும்.

டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியை விட, அதே அளவு இழப்பு தரும் வலி மனிதர்களுக்கு அதிகம். உறுதியான சிறு இழப்பை ஏற்றுக்கொள்வதற்குப் பதிலாக, பெரிய இழப்பு நேரக்கூடிய பந்தயத்தை நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். 3,000 ரூபாய் இழப்போடு எழுந்திருப்பது வலிக்கும் என்பதால்தான் 10,000 போகிறது.

மேசைக்குள்ளும் அடையாளங்கள் உண்டு. வழக்கமாக 100 கையில் 22 அல்லது 25 கைக்கு மட்டும் விரும்பிப் பணம் போடுகிறவர், அன்றைக்கு 40 கைக்குப் போட்டிருப்பார். தன்னை வென்ற ஒரு குறிப்பிட்ட ஆளையே குறிவைத்துக் கூடுதல் பந்தயம் வைப்பார். இரண்டாவது மேசை திறப்பார். தன் வழக்கத்துக்கு மேற்பட்ட தொகை மேசைக்குத் தாவுவார். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பணம் வைத்து ஆன்லைன் போக்கர் ஆடலாமா? தமிழ்நாட்டில் திறமை விளையாட்டுக்குத் தடை இல்லை என்கிறார்களே?

அது பழைய நிலை. தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தை நிலைநிறுத்திவிட்டு, அந்த இரண்டும் திறமை விளையாட்டுகள் என்பதால் பட்டியலை மட்டும் நீக்கியது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குள் நுழையக் கூடாது என்பது உள்ளிட்ட மாநில விதிகள் வந்தன. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றையும் ஏற்றது. மேலே பார்த்த 11.44ஐ நினைத்தால் அந்த நேரக் கட்டுப்பாட்டின் பொருள் புரியும்.

ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடு பார்க்காமல், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் நடத்துவதை அது தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவுவதும் குற்றம். ஆடுகிறவரை இந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. சட்டம் வந்த சில நாட்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. பணம் இல்லாத இலவசச் சில்லு ஆட்டம் இந்தத் தடைக்குள் வராது.

ஆகவே விட்ட பணத்தை அதே மேசையில் பிடிப்பது என்ற வழியே இப்போது அடைபட்டிருக்கிறது. பலருக்கு இது இழப்பாகத் தெரிகிறது. தோல்வித் தொடரின் நடுவில் இருப்பவருக்கு இதைவிட நல்ல சூழ்நிலை அமையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டெலிகிராமில் ஏஜெண்ட் ஒருவர் வெளிநாட்டுத் தளத்தில் கணக்குத் திறந்து தருகிறேன் என்கிறார்.

போக வேண்டாம். அங்கே வென்ற பணத்தைத் தர மறுத்தால் முறையிட ஓர் இடம் கிடையாது. எதிரே இருப்பது மனிதரா, மென்பொருளா, ஒரே அறையில் அமர்ந்து சீட்டைப் பேசிக்கொள்ளும் நான்கு பேரா என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இத்தகைய தளங்கள் யார் யாருடைய பெயரிலோ உள்ள வங்கிக் கணக்குகள் வழியாகப் பணத்தைச் சுற்றிவிடுகின்றன. அந்தக் கணக்குகளில் ஒன்று மோசடிப் புகாரில் சிக்கினால், அதிலிருந்து பணம் பெற்ற உங்கள் சம்பளக் கணக்கும் சைபர் குற்றப் பிரிவால் முடக்கப்படலாம். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் தடுக்க வாய்ப்பு இருப்பதால் நேரம் முக்கியம்.

பல மாதம் வென்றதாகத்தான் நினைவு. ஆனால் வங்கியில் பணம் இல்லை. எங்கே போனது?

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பழக்கமான கேள்வி. முதலில் ரேக்: ஒவ்வொரு பெரிய கையிலிருந்தும் ஒரு சிறு விழுக்காடு. சிறு தொகை மேசைகளில்தான் இதன் சுமை விகிதப்படி அதிகம். அடுத்தது ஜி.எஸ்.டி. 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு வந்தது. வரியை உள்ளடக்கிப் பார்த்தால், கட்டிய 100 ரூபாயில் ஏறக்குறைய 22 ரூபாய் வரி. நிறுவனங்கள் அதைப் போனஸ் என்ற பெயரில் ஈடுகட்டிக் காட்டியதால் பலர் கவனிக்கவில்லை. மூன்றாவது வருமான வரி. 2023 ஏப்ரல் 1 முதல் நிகர வெற்றியில் 30 விழுக்காடு பிடித்தம். இந்த ஆட்டத்தில் வந்த நட்டத்தைச் சம்பளத்திலோ விசைத்தறி வருமானத்திலோ கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை. இவற்றுக்குப் பிறகும் மிஞ்சும் அளவுக்கு வென்றவர் எவ்வளவு சிலராக இருக்க முடியும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். உங்கள் உண்மை நிலை தெரிய வேண்டுமானால், வங்கித் தாளில் ஆட்டக் கணக்குக்குப் போன தொகைகளைச் சிவப்பு மையிலும், வந்தவற்றைப் பச்சை மையிலும் குறித்துக் கூட்டுங்கள். அந்த ஒரு கூட்டலைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, ஒழுங்கு என்று எதைச் சொல்கிறீர்கள்? இலவசச் சில்லு ஆட்டத்தில் ஒழுங்கைப் பழக முடியுமா?

முடியும், ஒரு வரம்புக்குள். சில்லு இலவசம் என்பதால் எல்லாரும் கண்டபடி ஆல்-இன், அதாவது கையிலுள்ள சில்லு முழுவதையும், போடுவார்கள். எதிராளியைப் படிக்கும் கலை அங்கே வளராது. ஆனால் உங்கள் கையைக் கட்டுப்படுத்தும் பழக்கம் வளரும், தோல்வித் தொடரில் கெட்டுப்போனதும் அதுதான்.

முதலில் ஒரு மாதம் எதையும் ஆட வேண்டாம். அந்த மாதத்தில் பழைய கைகளை எடுத்து, முடிவு எப்படி வந்தது என்ற கடைசிப் பகுதியை மறைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்திருக்க வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். வென்ற கைகளையும் இதே போலப் பாருங்கள். தவறாக ஆடி வென்ற கைதான் மிகவும் கெடுதலான ஆசிரியர். பிறகு சில்லு ஆட்டத்துக்கு வரும்போது, உட்காரும் முன்பே நேரத்தையும் இழப்பு வரம்பையும் எழுதிவைக்க வேண்டும். இரண்டு பை-இன், அதாவது மேசையில் உட்காரும்போது எடுத்துவைக்கும் தொகையைப் போல் இரு மடங்கு, போனால் எழுந்துவிடுவது என்பது நல்ல வரம்பு. இந்த வரம்பு சீட்டின் நிகழ்தகவை ஓர் இம்மியும் மாற்றாது என்பதைத் தெரிந்துகொண்டே கடைப்பிடிக்க வேண்டும். முழு நிதானத்தோடு ஆட முடிந்தால் நூறு பை-இன் தோற்றாலும் அடுத்த கை பழைய கை போன்றதே. நிதானம் குலையும் இயல்பு நமக்கு இருப்பதால்தான் வரம்பு தேவைப்படுகிறது. ஆகவே அது நம் இயல்புக்குப் போடும் வேலி.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை கை, பிக் பிளைண்ட் கணக்கில் வரவு அல்லது நட்டம், அன்று தூங்கிய நேரம், ஐயம் வந்த கைகள் என எல்லாவற்றையும் எழுதுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஆடிய நாட்களைத் தனியாக வட்டமிடுங்கள். சில வாரத்தில் உங்கள் நட்டத்தின் பெரும்பகுதி குறிப்பிட்ட சில நேரங்களில் குவிந்திருப்பது தெரியவரலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் சாதாரணப் பண மேசைக்கு 20 முதல் 50 பை-இன் வரையும், போட்டித் தொடர்களுக்கு 100 பை-இன்னுக்கு மேலும் ஆட்ட முதலாகத் தனியே வைத்திருப்பார்கள். முதல் குறைந்தால் கூசாமல் கீழ் மேசைக்கு இறங்குவார்கள். தோற்கும்போது இறங்கத் தெரிவதுதான் போக்கர் ஒழுங்கின் உச்சம் என்பேன். நம்மில் பெரும்பாலோர் தோற்கும்போதுதான் ஏறுகிறோம்.

லண்டனில் படிக்கும் என் தம்பி அங்கே உரிமம் பெற்ற தளத்தில் ஆடுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பிரிட்டனில் அது சட்டப்படி நடக்கிறது. ஆனால் தோல்வியின் கணக்கு அங்கும் மாறாது. அந்நாட்டில் 2020 ஏப்ரல் 14 முதல் கடன் அட்டையில் சூதாடத் தடை உள்ளது. உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் கேம்ஸ்டாப் என்ற விலகல் பதிவேட்டில் இணைந்திருக்கின்றன. அதில் ஒரு முறை பதிந்தால், தேர்ந்தெடுத்த காலம் முடியும் வரை எந்தத் தளமும் அவரை அனுமதிக்கக் கூடாது. தொடர் தோல்வியில் இருக்கும் தம்பிக்கு அந்தப் பதிவைச் செய்யச் சொல்லுங்கள். ஊரிலிருந்து தோட்டத்தை அடகு வைத்து அனுப்பிய கல்விக் கட்டணம் அவன் கணக்கில் இருக்கும் நாட்களில் இது இன்னும் அவசியம்.

ஆடியதால் கடன் சேர்ந்துவிட்டது. எதை முதலில் அடைப்பது?

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வட்டியை ஆண்டுக் கணக்கில் எழுதுங்கள். நம் பக்கத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று மாத வட்டியாகவே பேசிப் பழகிவிட்டோம். அது ஆண்டுக்கு 24, 36 விழுக்காடு என்பது எழுதினால்தான் உறைக்கும். பத்து வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய்க்கு மாதம் 5,000 ரூபாய் வட்டிக்கே போகும்; அசல் அப்படியே நிற்கும். மிகக் கூடிய வட்டிக் கடனை முதலில் அடைக்க வேண்டும். அதற்காக வீட்டார் சம்மதத்தோடு, அவர்களுக்குத் தெரிந்து, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைப்பது பல நேரங்களில் சரியான வழி. தெரியாமல் எடுத்துப் போய் வைப்பது கடனை அடைக்காது, இன்னொரு கடனைச் சேர்க்கும். ஏலச்சீட்டைக் கடுமையான தள்ளுபடிக்கு அவசரமாக எடுப்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை; தள்ளுபடியையும் வட்டியாக மாற்றிக் கணக்கிட்ட பிறகு முடிவெடுங்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலோ, திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலோ மனுக் கொடுக்கலாம். கடன் செயலியைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி உங்கள் தொலைபேசித் தொடர்புப் பட்டியலைச் செயலி எடுக்கக் கூடாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினர்களுக்குப் படம் அனுப்பி மானத்தை வாங்குவோம் என்று மிரட்டுகிறவர்கள் பெரும்பாலும் பதிவே இல்லாத செயலிக்காரர்கள். அவர்களுக்குப் பயந்து இன்னொரு செயலியில் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து புகார் செய்யுங்கள்.

வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா? மானம் போய்விடுமே.

சொல்ல வேண்டும். எல்லாரிடமும் வேண்டாம், ஒருவரிடம். நம் ஊரில் அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியாத பலர் தாய் மாமாவிடமோ பெரியப்பாவிடமோ மச்சானிடமோ வாய் திறந்துவிடுவார்கள். திருமணமானவர் என்றால் மனைவிக்குத் தெரியாமல் மற்றவருக்குத் தெரிவது நல்லதில்லை. எவ்வளவு போனது என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பாதியைச் சொல்லி, மீதி பிறகு தெரியவரும்போது, முதலில் சொன்னதன் மதிப்பும் போய்விடும். சொல்வதோடு ஒரு வேண்டுகோளையும் வைக்கலாம். "மாமா, ஒரு ஆறு மாசத்துக்கு எம்பட சம்பளக் கணக்க நீங்க பாத்துக்கோணுங்க, செலவுக்கு மட்டும் வாரா வாரம் குடுங்க" என்று ஓர் இளைஞர் கேட்டதை நான் உடனிருந்து கேட்டேன். அந்த மாமா திட்டவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்த வங்கி, எந்தக் கிளை என்று மட்டும் கேட்டார்.

யு.பி.ஐ. நாள் வரம்பை மிகக் குறைவாக மாற்றுவது, கடன் செயலிகளை நீக்குவது, சம்பளம் வந்த அன்றே வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டுத் தவணை ஆகியவற்றைக் கட்டிவிடுவது போன்றவை சின்ன ஏற்பாடுகள்தான். ஆனால் சனிக்கிழமை இரவு மன உறுதியை நம்பி இருப்பதைவிட இவை நன்றாக வேலை செய்யும்.

எந்தக் கட்டத்தில் இது ஒழுங்கால் மட்டும் தீராத பிரச்சினை ஆகிறது?

நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்தும் திரும்பத் திரும்ப முடியாமல் போவது, பொய் சொல்லிப் பணம் புரட்டுவது, வேலையும் குடும்பமும் கெடுவது தெரிந்தும் தொடர்வது ஆகியவை தென்பட்டால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே சூதாட்டக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மருத்துவம் உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் நாள் முழுவதும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இத்தகையவர் இலவசச் சில்லு ஆட்டத்தையும் தொடக் கூடாது. மேலே சொன்ன பயிற்சி எதுவும் அவருக்கானது இல்லை.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இன்றே அந்த எண்ணை அழையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இந்த ஆட்டங்களால் போன உயிர்கள்தான் அரசைச் சட்டம் கொண்டுவர வைத்தன. எந்தக் கடனும் தவணை போட்டு அடைக்கக் கூடியதுதான். சம்பாதிக்கும் ஆள் உயிரோடு இருந்தால் கடன்காரரும் பேச்சுக்கு வருவார்.

என் மகன் ஆடுகிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளலாமா? கடனை ஒரே தடவையில் அடைத்துவிடலாமா?

கைபேசியைப் பிடுங்கினால் அவர் வேறு கைபேசி வாங்குவார். அதற்கும் கடன் வாங்குவார். கடனைப் பொறுத்தவரை, பெற்றோர் காட்டை விற்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துவிடுவதை நான் ஏற்பதில்லை. கந்து வட்டிக் கடனை மட்டும் உடனே முடியுங்கள். மற்றதை மகனே மாதத் தவணையாகக் கட்டட்டும். நீங்கள் கணக்கை மட்டும் கூட இருந்து பாருங்கள். பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவருக்கு நேராகச் செலுத்தி, எழுத்தில் ரசீது வாங்குங்கள். புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் திரும்ப வாங்கிவிட வேண்டும். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.